ஜூலியா கிரீக்கில் இரண்டு இரவு: கேரவனில் முதன்முறை அவுட்பேக் போகிறவர்களுக்கு

குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில்லில் இருந்து நேர் மேற்கே மவுண்ட் ஐசா வரை சுமார் 900 கிலோமீட்டர். சார்ட்டர்ஸ் டவர்ஸ், ஹியூஎண்டன், ரிச்மண்ட் என்று ஊர்கள் வரும். ரிச்மண்டைத் தாண்டி 150 கிலோமீட்டர் போனால் ஜூலியா கிரீக். ஏறக்குறைய ஐந்நூறு பேர் வாழும் ஊர். கேரவன்காரர்கள் பலர் இருட்டும் நேரத்துக்கு இங்கே வந்து, தூங்கி எழுந்து, காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கைத் தவிர ஊரில் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் என்று நகரங்களில் குடியேறி, முதல் தடவையாகக் கேரவனோ (காரின் பின்னால் இழுக்கும் வீட்டு வண்டி) கேம்பர்வேனோ (வீடும் வண்டியும் ஒன்றான வேன்) எடுத்துக்கொண்டு அவுட்பேக் என்ற உள்நாட்டுப் பக்கம் போக நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் யோசனை இதுதான்: மதியத்துக்குள் ஊர் போய்ச் சேருங்கள், ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்குங்கள், கையில் இருக்கும் செலவை அந்த ஊரிலேயே செய்யுங்கள்.

எப்போது போவது

மே முதல் ஆகஸ்ட் வரை. பகலில் 26, 27 டிகிரி இருக்கும். இரவில் பத்துக்குக் கீழேயும் இறங்கும், அதனால் போர்வையும் ஸ்வெட்டரும் வேண்டும். "குயின்ஸ்லாந்துதானே, குளிரா?" என்று கேட்டுக்கொண்டு ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை மெல்லிய சட்டையோடு கூட்டிப் போய்விடாதீர்கள். நவம்பரில் இருந்து வெயில் நாற்பதைத் தொடும். அதற்குப் பின்னால் மழைக்காலம். சாலை வெள்ளத்தில் மூழ்கினால் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ள நேரும்.

ஏப்ரலில் 'டர்ட் அண்ட் டஸ்ட்' திருவிழா நடக்கும். டிரையத்லான், குதிரைப் பந்தயம், காளைச் சவாரி என்று ஊரே நிரம்பி வழியும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் இடத்தை வெகு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். அமைதி வேண்டும் என்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையிலும் கேரவன் பார்க்கில் கூட்டம் இருக்கும்.

வண்டி

வாடகைக்கு எடுக்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இது செல்ஃப் கன்டெய்ன்ட் வண்டியா? உள்ளேயே கழிப்பறை இருக்க வேண்டும், பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் பிடித்து வைக்கத் தொட்டி இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் இரவு தங்க ஊராட்சிகள் ஒதுக்கியிருக்கும் இலவச இடங்களில் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும்.

சாதாரண கார் உரிமத்திலேயே 4.5 டன் வரையுள்ள கேம்பர்வேனை ஓட்டலாம். கார் பின்னால் கேரவனை இழுப்பது வேறு கதை. உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். பொருள் ஏற்றிய கேரவன் அதைத் தாண்டக் கூடாது. கனமான பொருளைக் கேரவனின் நடுவில், சக்கரத்துக்கு மேலாக, தாழ்வாக வையுங்கள். அரிசி மூட்டையைப் பின்கோடியில் அடுக்கினால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம்.

முதல் தடவையே என்றால் கேம்பர்வேன் போதும் என்பேன். இழுப்பு, கழற்றல், ரிவர்ஸ் எடுக்கும்போது கணவன் மனைவிக்குள் நடக்கும் வாக்குவாதம், எதுவும் இல்லை. கேரவன்தான் என்று முடிவு செய்திருந்தால் ரிவர்ஸுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். காலியான மைதானம் ஒன்றில் ஒரு மணி நேரம் பழகிவிட்டுக் கிளம்பினால் போதும்.

சாமான்

டவுன்ஸ்வில்லிலேயே மளிகையை முடித்துவிடுங்கள். பருப்பு, புளி, ரசப்பொடி, கறிவேப்பிலை எல்லாம் அங்கிருந்தே வர வேண்டும். ஜூலியா கிரீக்கில் கடை உண்டு. ரொட்டி, பால், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் குறை இருக்காது. ஆனால் காய்கறி நெடுந்தூரம் லாரியில் வருவதால் விலையும் புதுமையும் நகரத்தைப் போல இருக்காது. எல்லாவற்றையும் நகரத்திலேயே வாங்கி நிரப்பிவிடவும் வேண்டாம். தீரத் தீர வழியில் இருக்கும் ஊர்களில் வாங்குங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

சிறிய பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் கேஸ் மிச்சம். தாளிப்பதை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் கருகினால் உள்ளே புகை அலாரம் ஊளையிடும், மணமோ மூன்று நாள் மெத்தையை விட்டுப் போகாது. இன்னொன்று: குளிருக்காக உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குடிதண்ணீர் ஆளுக்குப் பத்து லிட்டர் தனியாக இருக்கட்டும். முகத்துக்கு ஈ வலை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் பார்க்கும்போது சிரிப்பு வரும், அங்கே போனதும் வராது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைச் சில நாட்களுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், நெட்வொர்க் படுத்தால் கார்டு வேலை செய்யாது.

சாலையில்

கிளம்பும் நாள் காலையில் குயின்ஸ்லாந்து போக்குவரத்துத் துறையின் 13 19 40 எண்ணில் சாலை நிலவரம் கேட்கலாம், அவர்களுடைய இணையதளத்திலும் பார்க்கலாம். ஊர் வரும்போதெல்லாம் டீசல் போடுங்கள். 'அடுத்த ஊரில் விலை குறையும்' என்ற கணக்கு இங்கே வேண்டாம். ஊருக்கு வெளியே பல இடங்களில் போன் எடுக்காது. டெல்ஸ்ட்ரா இணைப்பு மற்றவற்றை விடப் பரவாயில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோடு டிரெயின் என்பதை முதல் தடவை பார்க்கிறவர் மிரளாமல் இருக்க முடியாது. ஒரு லாரியின் பின்னால் இரண்டு மூன்று பெட்டிகள், மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை போகலாம். அதை முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் காலியான நேர்ச்சாலை தேவை. அவசரம் இல்லாதவர்கள் பின்னாலேயே போகலாம். அது உங்களை முந்த வந்தால் திடீரென்று பிரேக் போடாதீர்கள், ஓரத்து மண்ணிலும் இறங்காதீர்கள். வேகத்தை மெல்லக் குறைத்து நேராகப் போனால் போதும், முந்துவதை அவர் பார்த்துக்கொள்வார். யூ.ஹெச்.எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 40இல் வையுங்கள். லாரிக்காரர்கள் அதில்தான் பேசுவார்கள். கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 18இல். 5, 35 இரண்டும் அவசர உதவிக்கு மட்டும்.

அந்தி சாய்ந்ததும் கங்காரு சாலைக்கு வரும், வேலி இல்லாத இடங்களில் மாடும் வரும். இருட்டில் ஓட்டாதீர்கள். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். டவுன்ஸ்வில்லில் இருந்து முதல் இரவு ஹியூஎண்டன், மறுநாள் சாவகாசமாகக் கிளம்பி மதியத்துக்குள் ஜூலியா கிரீக் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அது வணக்கம். நீங்களும் ஒரு விரலை உயர்த்துங்கள், முழுக் கையையும் ஆட்ட வேண்டியதில்லை.

ஊருக்குள் வந்ததும்

நேரே தகவல் மையத்துக்குப் போங்கள். ஓரமாக நிறுத்தியிருக்கும் நான்கு கேரவன்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக நிறுத்திவிட்டு மேசை போட்டு உட்கார்ந்துவிட வேண்டாம். எங்கே தங்கலாம், எத்தனை நாள், அனுமதிச் சீட்டு வேண்டுமா, கழிவை எங்கே கொட்டுவது, குடிதண்ணீர் எந்தக் குழாயில் பிடிப்பது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கவுன்டரில் இருக்கும் வயதான அம்மா உங்களை 'லவ்' என்றோ 'டார்லிங்' என்றோ கூப்பிட்டால் திடுக்கிட வேண்டாம். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

தங்க இரண்டு வழி. ஊரின் ஓரத்தில் ஓடைப் பக்கம் செல்ஃப் கன்டெய்ன்ட் வண்டிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இலவச இடம் ஒன்று. மின்சாரம் கிடையாது, குளியலறை கிடையாது; பறவைகள் ஏராளம். அடுத்தது கேரவன் பார்க். காசு கொடுத்தால் மின்சாரம், தண்ணீர், வெந்நீர்க் குளியல் எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் முதல் இரவு பார்க், இரண்டாம் இரவு ஓடைக்கரை. பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் முதல் நாளே நிரம்பிவிடும், மறுநாள் எதற்கும் ஏங்க வேண்டியதில்லை.

இலவசமாக இடம் தருகிறார்களே, ஊருக்கு என்ன லாபம்? கணக்கு எளிது. வண்டி நின்றால் ஆள் இறங்குவார், இறங்கினால் டீசல் போடுவார், பேக்கரியில் ஏதாவது தின்பண்டம் வாங்குவார், பப்பில் சாப்பிடுவார். கேம்பர்வேன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் ஆஃப் ஆஸ்திரேலியா என்ற சங்கம் 'ஆர்வி ஃபிரெண்ட்லி டவுன்' என்று ஊர்களுக்குப் பட்டம் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான்: வண்டிகள் நிறுத்த இடம், குடிதண்ணீர், கழிவு கொட்டும் வசதி இவற்றைச் செய்து கொடுத்த ஊர்களுக்கு அந்தப் பலகை கிடைக்கும். ஆகவே இலவச இடத்தில் தங்கினால், பார்க்குக்குக் கொடுத்திருக்கக் கூடிய பணத்தையாவது கடைத்தெருவில் செலவழியுங்கள். ஐந்நூறு பேர் ஊரில் ஒரு கடை மூடினால் அடுத்த கடை 130 கிலோமீட்டருக்கு அப்பால்.

நிறுத்தி, இணைத்து, கொட்டி

நிலம் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரிவில் நின்றால் ஃபிரிட்ஜ் சரியாக வேலை செய்யாது, தூங்கும்போது தலைக்கு ரத்தம் ஏறும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் காரில் இருந்து கேரவனைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மின்சார ஒயர் 15 ஆம்பியராக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் உதவாது, 15 ஆம்பியர் பிளக்கின் எர்த் முனையே பெரிது. தண்ணீருக்குக் குடிநீருக்கென்றே விற்கும் குழாயை வாங்குங்கள், தோட்டக் குழாய் வேண்டாம்.

அப்புறம், யாரும் பேச விரும்பாத விஷயம். கழிப்பறைக்கு அடியில் இருக்கும் கேசட் பெட்டி இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். அதை டம்ப் பாயின்ட் என்ற இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும், பொதுக் கழிப்பறையில் கொட்டக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொட்டி, தண்ணீர் விட்டுக் குலுக்கி, மறுபடியும் கொட்டி, சுற்றிலும் கழுவிவிட்டு நகருங்கள். அங்கே இருக்கும் குழாய் கேசட்டைக் கழுவுவதற்கு. எத்தனை பேர் அதன் வாயில் கேசட்டை இடித்திருப்பார்கள் என்று யோசித்தால் குடிதண்ணீர் பிடிக்கத் தோன்றாது. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் மண்ணில் விடாதீர்கள். சோற்றுப் பருக்கை விழுந்த இடத்துக்கு எறும்பும் ஈயும் வரும், அடுத்து வருபவர் முகம் சுளிப்பார்.

நீங்கள் ரிவர்ஸ் எடுத்துத் தடுமாறினால் பக்கத்து வண்டிப் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கை காட்டுவார். அவர் ஓய்வு பெற்று நாட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் 'கிரே நோமாட்' கூட்டத்தில் ஒருவர். உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் டீயோடு நான்கு வடையையும் கொண்டுபோய்க் கொடுத்தால், மேற்கே எந்த ஊரில் டீசல் மலிவு, எங்கே பள்ளம் என்பதெல்லாம் கேட்காமலே வந்துவிடும்.

ஜெனரேட்டரை இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கரில் பாட்டும் வேண்டாம். நாம் நாலு பேர் சேர்ந்தால் குரல் எவ்வளவு உயரும் என்பது நமக்கே தெரியும். திறந்த வெளியில் அது வெகுதூரம் கேட்கும்.

அந்த ஒரு முழு நாள்

வெந்நீர்த் தொட்டியில் தொடங்கலாம். ஆஸ்திரேலியாவின் அடியில் ஐந்தில் ஒரு பங்குப் பரப்புக்கு, 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு, பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர் பரந்திருக்கிறது. ஆழத்தில் இருந்து வருவதால் தண்ணீர் சூடாகவே வெளியே வரும். கேரவன் பார்க்கில் தகரத்தால் கட்டிய சிறு அறைகளில் தொட்டிகளை வைத்து இந்த நீரை நிரப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி அறை, அதனால் வெட்கப்பட வேண்டியதில்லை. சூரியன் மறையும் நேரத்துக்குப் போட்டி அதிகம். ஊருக்கு வருமுன்பே அந்த நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கொஞ்சம் கந்தக வாடை அடிக்கும், சிறிது நேரத்தில் பழகிவிடும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள பெரியவர்கள் வெகுநேரம் ஊறாமல் இருப்பது நல்லது. முழங்கால் வலி உள்ளவர் தொட்டியில் ஏறி இறங்கக் கை கொடுங்கள்.

அவுட்பேக் என்றதும் செம்மண்ணை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம் தரலாம். இங்கே மண் கருப்பு. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசலைப் போலவே கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் காலை விடாது. மேலே மிட்செல் புல், கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. அந்த வெடிப்புகளுக்குள் வாழ்கிற ஒரு பிராணிக்கு ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஜூலியா கிரீக் டன்னார்ட். பார்க்க எலி மாதிரி இருக்கும், ஆனால் எலி இல்லை. கங்காரு இனத்தைப் போலப் பையில் குட்டி வளர்ப்பது. எடை 40 முதல் 70 கிராம். பூச்சிகளையும் சிறு பல்லிகளையும் வேட்டையாடித் தின்னும், மிச்சக் கொழுப்பை வாலில் சேமித்துக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் இருந்த சில உடல்களை வைத்து மட்டுமே இப்படி ஓர் உயிர் உண்டு என்று அறிந்திருந்தார்கள்; 1990களில்தான் மீண்டும் உயிரோடு கண்டார்கள். தகவல் மையத்தில் இதைப் பார்க்கலாம். இரை கொடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் போங்கள், மற்ற வேளைகளில் அது ஒளிந்துகொள்ளும்.

அதே கரிசலால் ஒரு எச்சரிக்கையும் உண்டு: மழை தூறினால் தார்ச் சாலையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். டயர் ஒட்டிக்கொண்டால் மண் காய்கிற வரை நீங்களும் ஊர்க்காரர்தான்.

காலையில் ஓடைக்கரையில் நடந்து பாருங்கள். நம் ஊரில் கூண்டில் வைத்து 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தப் பச்சைக் கிளிகளின் தாய்நாடு இந்த உள்நாட்டுச் சமவெளிதான். நல்ல மழை பெய்த வருடங்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும்.

மதியத்துக்குப் பப்புக்குப் போகலாம். சமையலறை நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் சிப்ஸ்கூடக் கிடைக்காமல் போகலாம். மாட்டிறைச்சிதான் பிரதானம். சைவம் என்றால் கவுன்டரிலேயே சொல்லிக் கேட்டுவிடுங்கள், ஏதாவது செய்து கொடுப்பார்கள். குளிர்காலப் பருவத்தில் கேரவன் பார்க்கில் ஊர்க்காரர்கள் சமைத்துப் போடும் 'புஷ் டின்னர்' இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பணம் ஊர்ச் சங்கங்களுக்குப் போகும், உங்களுக்கு மேசையில் பேச ஆள் கிடைக்கும்.

பேச்சை மழையில் தொடங்கலாம், இங்கே அது வெறும் உபசாரப் பேச்சு இல்லை. பல வருட வறட்சிக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் இந்தப் பகுதி முழுக்க வெள்ளக்காடானது. வடமேற்குக் குயின்ஸ்லாந்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மாடுகள் செத்தன என்று மதிப்பிட்டார்கள். நீங்களாக அதைக் கிளறாதீர்கள். அவர்கள் சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். "நீங்கள் எந்த ஊர்?" என்று உங்களைக் கேட்பார்கள். பெரும்பாலும் வெறும் ஆவல்தான். சிட்னி என்று நிறுத்தாமல் திருநெல்வேலியோ யாழ்ப்பாணமோ, அதையும் சொல்லுங்கள். இதே குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூர், பிடித்துக்கொண்டுபோன ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி 2018 முதல் விடாமல் போராடி, 2022 ஜூனில் அவர்களை ஊருக்கே அழைத்து வந்தது. ஆகவே தமிழர் என்ற பெயர் சிலருக்குப் பழக்கமாகவும் இருக்கலாம்.

உடம்புக்கு ஏதாவது என்றால்

அவசரத்துக்கு மூன்று பூஜ்யம், 000. ஊரில் மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் தேவை என்றால் ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸின் விமானம். அந்தச் சேவைக்கும் இந்த ஊருக்கும் பழைய பந்தம். ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928 மே மாதம் மேற்கே அடுத்த ஊரான குளோன்கரியில் தொடங்கிய சேவை அது. அதன் முதல் மருத்துவப் பயணமே, குவாண்டாஸிடம் வாடகைக்கு எடுத்த விமானத்தில், மே 17 அன்று இந்த ஜூலியா கிரீக்குக்குத்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் காலை

இணைத்ததற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாய், மின்சார ஒயர், ஆன்டெனா, மேல் ஜன்னல், படி, கேஸ் சிலிண்டர் வால்வு. பிறகு ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக், இண்டிகேட்டர் போட, இன்னொருவர் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கேசட்டைக் காலி செய்து, டீசல் நிரப்பி, பேக்கரியில் வழிக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கே போகிறவர்களுக்குக் குளோன்கரி சுமார் 135 கிலோமீட்டர். அங்கே ஃபிளின் பெயரில் இருக்கும் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அன்றே மவுண்ட் ஐசா போய்விடலாம். கிழக்கே திரும்புகிறவர்கள் ரிச்மண்டில் உள்ள குரோனோசாரஸ் கார்னரில் கடல்வாழ் ஊர்வனவற்றின் புதைபடிவங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அந்தத் திசையில் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எட்டரைக்குப் பிறகு வண்டியை எடுங்கள்.